நாடகப் பட்டியலில் ஆட்கள்

அல்லிநகரத்தில் ஒரு மாடியறையில் நடந்த இணையதளம் செய்து தரும் அலுவலகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலையில் இருந்தேன். சரியாகச் செய்தால் நிரந்தரம். இல்லையென்றால் அம்மாவோடு மறுபடியும் திராட்சைத் தோட்டம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; யாரிடமும் சந்தேகம் கேட்பது எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது மாதம், சின்னமனூர்ப் பக்கத்து நாடகக் குழு ஒன்றின் தளம் என்னிடம் வந்தது. குழுத் தலைவர் தன் அனுபவங்களைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றை இணையப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். குறிகளோடு தளத்தில் ஏற்ற வேண்டும்.

"நாடகத்தோட பேரு வர்ற எடத்துல மட்டும் cite போடு. அதுக்குள்ள இருக்கறத நாடகப் பட்டியல் தானா இழுத்துக்கிரும்" என்றார் அலுவலகத்தை நடத்திய அக்கா. cite என்பது, இது ஒரு படைப்பின் பெயர் என்று கணினிக்குக் காட்டும் குறி.

cite போட்ட எழுத்துகள் திரையில் சாய்ந்து, தனித்துத் தெரிந்தன. எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசில் நாடகத்தின் பெயர் ஓரமாகத்தான் இருக்கும். எழுதியவர், நடிப்பவர், பந்தல் போட்டவர் பெயர்களே கொட்டை எழுத்தில் வரும். ஆட்களின் பெயர்களை மொட்டையாக விட எனக்கு மனம் வரவில்லை. அவற்றுக்கும் cite போட்டுவிட்டேன்.

"பட்டியலப் பாத்துட்டியா?" என்று அக்கா கேட்டார். திறக்காமலே, "பாத்தாச்சுக்கா" என்றேன்.

தளத்தைப் பார்க்கத் தலைவர் மனைவியோடு வந்தார். பட்டியலில் விரலை ஓட்டியவர் நாலாவது வரியில் நின்றார்.

"ஏத்தா, இங்கன என் பேரு கெடக்கு. நான் என்ன நாடகமா?"

"நல்லாக் கேளுத்தா. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து நானும் அதத்தான் சொல்றேன். இவுக ஒத்துக்கிட்டாகளா?" என்றார் மனைவி.

"பந்தல்காரரையும் நாடகமாக்கிட்டாக பாரு!" என்று தலைவர் அடுத்த வரியைக் காட்டினார்.

இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், "பாத்தாச்சுன்னு சொன்னேல்ல?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. அப்புறம் உன் வேலையப் பத்திப் பேசுவோம்" என்றார்.

ஆட்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து ஒரே கட்டளையில் எல்லா cite-ஐயும் நீக்கிவிடலாம். மறுநாள் காலை அதைத்தான் செய்யப் போனேன். ஆனால் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னது உறுத்தியது. ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். தன் திருமணத்துக்கு முந்தைய வாரம் எழுதிய நாடகத்துக்குத் தலைவர் மனைவியின் பெயரையே வைத்திருந்தார். கட்டளையைக் கொடுத்திருந்தால் அந்த நாடகம் பட்டியலில் இருந்தே போயிருக்கும்.

அந்தப் பெயர் வந்த இடங்களில் நாடகம் எது, மனைவி எது என்று பிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரி பிடிபடவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி, மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு அழைத்துப் போய், மழையில் பாதியிலேயே திரும்பியதாக எழுதியிருந்தார். ஊகித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். பிறகு தலைவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிதான் பேசினார்.

"நாடகந்தான்த்தா. அந்த மழையில என்னைய எங்கிட்டுக் கூட்டிப் போனாக? நான் வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்த வரியில் cite அப்படியே நின்றது.

மத்தியானம் அக்காவின் முன்னால் பட்டியலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். ஆட்கள் யாரும் அதில் இல்லை. லோயர் கேம்ப் வரிக்காகப் போன் பண்ணிக் கேட்டதையும் சொன்னேன்.

அக்கா கதவுப் பக்கம் கை காட்டினார்.

"அங்கன ஆணியில இன்னொரு சாவி தொங்குது, எடுத்துக்க. நாளைக்கு நான் வர நேரமாகும். நீ வந்து தொறந்துரு."