கேதம் சொல்ல ஆள் அனுப்பவில்லை

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் சொந்தக்காரர்களுக்கு ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். கேதம் சொல்வது என்று அதற்குப் பெயர். எத்தனை மலை தாண்டி இருந்தாலும் ஒருவர் பஸ் ஏறிப் போவார். வாசலில் நின்று, இன்னார் போய்விட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். என் அம்மா இறந்தபோது நான் யாரையும் அனுப்பவில்லை. என் கையில் போன் இருந்தது.

அது கையில் இல்லாத நேரம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. மஸ்கெலியாவில் கடை வேலை. சாமான் நிறுக்கும்போதும் ஒரு கண் போனில் இருக்கும். சொந்தக்காரர்கள் அறுபது பேரைச் சேர்த்துக் குடும்பக் குழு ஒன்று நடத்தினேன். நான்தான் அட்மின், ஏதோ தோட்டத்துக்கே துரை மாதிரி ஒரு நினைப்பு. பிறந்தநாள், சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதில் வாழ்த்துச் சொல்லியாகிவிடும். ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை.

அம்மாவுக்கு ஒரே தம்பி. நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருந்தார். அந்த மாமா வீட்டுக்கு நான் போய் மூன்று வருஷமாகியிருந்தது. ஆனால் தினமும் காலையில் மாமாவின் படம் போட்ட நம்பரிலிருந்து ரோசாப்பூவோடு காலை வணக்கம் வரும். நானும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புவேன். மாமா சுகமாக இருக்கிறார், உறவும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தேன். இருந்தேன் என்றால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எதையாவது சொல்வாள். நான் 'ம்' கொட்டுவேன். ஒரு நாள் வெகுநேரம் பேசினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் போன கதை. தொடக்கம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒருவன் கடற்கரையில் பெரிய மீன் ஒன்றைப் பொரிப்பதை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை எத்தனை துண்டாக வெட்டினான் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அம்மா கடைசியாகச் சொன்ன கதையின் முடிவு தெரியாது.

அன்று பேச்சை முடிக்கும்போது அம்மா, "தம்பிக்கு ஒரு ஆள அனுப்புப்பா. பாக்கணும் போல இருக்கு" என்றாள்.

"இப்பவே போட்டுர்றேன்மா."

அம்மாவுக்கு மிகவும் முடியவில்லை, மாமா வந்து பார்த்தால் நல்லது என்று குழுவில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் நாற்பது பதில் வந்தது. மாமாவின் நம்பரிலிருந்து ஒரு கும்பிடும் கை.

"மாமா பாத்துட்டாரும்மா."

"என்னா சொன்னான்?"

"கும்பிட்டிருக்காரு."

"வாறானாமா?"

"வருவாரும்மா."

அதன்பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தினமும் ஒருதரம் "தம்பி வந்துட்டானா" என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அந்த நம்பருக்கு நான் ஒருதரம் போன் எடுத்தேன். மணி அடித்து நின்றது. இரண்டாவது தரம் எடுக்கவில்லை.

அம்மா இறந்தது ஒரு காலை நேரம். பெண்கள் அழத் தொடங்கும்போதே நான் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டுக் குழுவில் ஏற்றிவிட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எப்போதும் கேதம் சொல்லப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நானுஓயாவுக்கு நா போயிட்டு வந்திர்றேன் தம்பி. அட்டன் ஸ்டேசன்ல கோச்சி புடிச்சா மத்தியானத்துக்குள்ள சொல்லிறலாம்."

"எதுக்குண்ணே? எல்லாருக்கும் போட்டாச்சு. மாமாவும் பாத்துட்டாரு."

மெய்தான். மறுபடியும் ஒரு கும்பிடும் கை வந்திருந்தது.

"இருந்தாலும் ஆளு போயி சொல்ற மாதிரி வருமா தம்பி?"

"இந்தக் காலத்துல யாருண்ணே ஆள் அனுப்புறாங்க?"

அவர் குழி வெட்டுகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

கல்யாணமான பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். மறுநாள் மாமாவின் கோடிக்காக நாலு மணிவரை காத்திருந்தோம். மழை இறங்கத் தொடங்கியதும் பெரியவர்கள் இனித் தாமதிக்கக் கூடாது என்றார்கள். அம்மா தன் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போனாள். அந்த நேரம்வரை பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நான் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மாமாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், கூடப்பிறந்த அக்காவுக்கே ஆடாத சதையும் இருக்கிறது என்று குழுவில் எழுதிப் போட்டேன். ஏகப்பட்ட பேர் அழும் முகம் போட்டார்கள். சிலர் கைதட்டினார்கள். மாமாவின் நம்பரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மனச்சாட்சி குத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பௌர்ணமிப் போயா லீவு. காலையில் மாமா லயத்துப் படியேறி வந்தார். ஒரு பையில் தோட்டத்து லீக்ஸும் கரட்டும். இன்னொரு கையில் அம்மாவுக்குப் பிடித்த பேக்கரி பணிஸ். என் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா மாப்ள, மொட்ட? கதிர்காமம் போனீங்களா?"

நான் வழிவிட்டு விலகினேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா பையோடு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது இரண்டு லயத்துக்கும் கேட்டது.

அழுகை ஓய்ந்த பிறகு நான் மெல்ல, "உங்க நம்பருக்குப் போட்டேன் மாமா. கும்பிட்டிருந்தீங்களே" என்றேன்.

"எனக்கு ஏதுப்பா போனு? அத மகன் கொழும்புக்குக் கொண்டு போயி ரெண்டு வருசமாச்சே."

தினமும் பூ அனுப்பியது அவர் மகன். அப்பா படம் இருக்கட்டும் என்று மாற்றாமல் வைத்திருந்திருக்கிறான். அவனுக்கு எடுத்தேன். "கடையில பிஸியா இருந்தேன் மச்சான். எப்புடியும் அப்பாவுக்கு நீங்க ஆள் அனுப்பியிருப்பீங்கன்னுதான் நெனச்சேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததைத்தான் அவனும் செய்திருந்தான்.

மாமா போனைக் காட்டச் சொன்னார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அம்மாவுக்கு முடியவில்லை என்று போட்டதைப் படித்தார், மாலை போட்ட படத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே சதை ஆடவில்லை என்று நான் எழுதியிருந்ததையும் முழுவதும் படித்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்தார்.

"வாங்க மாப்ள, டவுனுக்குப் போயி கோடி எடுத்துட்டு வருவோம்."

மஸ்கெலியாவில் முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடையில் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்தார். அக்காவுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்றார். எனக்கு அது தெரியாது. புதைகுழி மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாமா அதன்மேல் சேலையை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்தபடி கேட்டார்.

"அக்கா என்னயக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே செய்தது போதும் என்று உண்மையைச் சொன்னேன்.

"கேட்டுச்சு மாமா. ஆள அனுப்பச் சொல்லுச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மாமாவுக்குத் தெரியும், வருவாருன்னு சொன்னேன்."

மாமா சேலையின் சுருக்கத்தைக் கையால் நீவினார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப, தெரிஞ்சும் நா வரலன்னு நெனச்சுக்கிட்டேதான் அக்கா போயிருக்கு."