தங்கையின் கணினி வகுப்பும் நான் சொன்ன பொய்யும்

என் தங்கையின் கணினி வகுப்பை ஒரு பொய் சொல்லிக் கலைத்தவன் நான். அவரது இந்த நினைவு மலரில் அதை முதலில் எழுதாமல் அவரைப் புகழ எனக்குத் தகுதியில்லை.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கான லயன் வரிசை வீட்டில் பிறந்தோம். அம்மா கொழுந்து பறித்து இருவரையும் படிக்க வைத்தார். நான் தோட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தரான பெரிய கிராணியானேன். தங்கை தமிழ்ப்பள்ளி ஆசிரியையானார், மணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் அருகிலுள்ள கம்போங் ராஜா ஊரில் ஒரு கடை மாடியில், பிறர் கழித்த கணினிகளை வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்பித்தார். வாரம் ஒரு பிள்ளை வகுப்பை நடத்த வேண்டும். தங்கை கடைசி வரிசையில் அமர்ந்து கையுயர்த்திக் கேள்வி கேட்பார்.

அவர்களில் ஐந்து பேருக்கு ஈப்போ நகரில் கணினிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அனுப்பலாமா என்று பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்பவருக்குத்தான் வீடு என்பது எங்கள் எல்லாருக்கும் உள்ள அச்சம்.

"பிள்ள பேரு தோட்ட வேலைக்குப் பதியலன்னா வீட்டக் காலி பண்ணணும்லா. தொரையே சொல்லிட்டாரு" என்றேன்.

தோட்ட மேலாளரான துரை அப்படிச் சொல்லவே இல்லை. ஆள் குறைந்தால் என்னை ஏசுவாரே என்று பயந்தேன். யோசனைக்கு என்னிடம் வந்தவர்கள் தங்கையிடம் போகிறார்களே என்ற பொறாமை அதைவிடப் பெரிது.

தங்கை துரையிடமே கேட்டறிந்து வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னார். ஐவரில் ஒருத்தியான கலைவாணி என்ற கெட்டிக்காரப் பெண்ணின் தாயார், "டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. ஆனா வீட்டு லிஸ்டு பெரிய கிராணி கையிலல்ல இருக்கு?" என்றாராம். ஒருவன் மட்டும் போனான். இன்று பினாங்கில் ஒரு மென்பொருள் குழுவுக்குத் தலைவன். மற்ற நால்வரும் தோட்டத்திலேயே நின்றார்கள். பயந்த பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாததால் வகுப்பும் நின்றது.

ஓய்வு பெற்றபின் அதே வாசல்களில் நின்று பொய்யை ஒப்புக்கொண்டேன். கலைவாணி, "இப்ப சொல்லி என்னாங்கய்யா? கொழுந்துக் கூடைய நீங்க தூக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தங்கை மீண்டும் வகுப்பைத் தொடங்கியபோது பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் வாங்கினேன். "அண்ணே, வேன்லயே குந்திக்கிட்டிருக்காதீங்க. மேல வாங்க, பிள்ளைங்க உங்களுக்கும் பாடம் நடத்தும்" என்று சிரித்தார். அதற்கு மேல் என்னை அவர் ஒன்றும் கேட்டதில்லை. கலைவாணியும் தம் மகளோடு வந்து படித்தார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த தங்கையைக் கடைசி மாதங்களில் தூக்கி உட்கார வைத்தவரும் கலைவாணிதான். அவருக்கும், மாடியைத் தந்த கடைக்காரருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், இறுதியில் அவரைச் சுமந்து சென்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வகுப்பை இப்போது கலைவாணி நடத்துகிறார். சனிக்கிழமை காலையில் வேனை நிறுத்துகிறேன். பிள்ளைகளை எண்ணி இறக்கிக்கொள்கிறார். என்னிடம் பேசுவதில்லை.