பிரேக்குக்கும் ஃபிளாப்புக்கும் நடுவில்

என் கணவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். அந்த விமானத்துக்குத்தான் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையை விட்டு வெளியே போகத் தெரியாது.

அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து அவர் ஓய்வு பெற்ற மாதம், வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு பெரிய கம்ப்யூட்டரும், அதோடு பிடித்துத் திருப்ப ஒரு ஸ்டியரிங்கும், காலால் மிதிக்க இரண்டு பெடலும் வாங்கித் தந்தான். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமாம். இதே ஊரில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி நானும்தான் ஓய்வு பெற்றேன். எனக்குப் பொழுது போகிறதா என்று அவனும் கேட்கவில்லை, அவன் அப்பாவும் கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த விமானம் ஓட்டும் விளையாட்டில் விதவிதமாக விமானங்கள் உண்டு. இவர் பிடித்துக்கொண்டது உலகப் போர்க் காலத்தில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு பழைய ரெட்டை எஞ்சின் விமானம். "புது பிளேன் தானாப் பறக்கும். அதுல என்ன இருக்கு? இதை ஓட்டுதவன்தான் பைலட்டு" என்பார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாதவர் இதைச் சொல்லும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அது மேலே ஏறியதும் சக்கரத்தை மடக்க வேண்டும். அதற்கு மோட்டார் கிடையாது. ஒரு கைப்பிடியைப் பிடித்து நூறு தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். பைலட்டுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சுற்றுவதுதான் அந்தக் காலத்து வழக்கமாம். இந்த வீட்டில் பக்கத்தில் உட்கார வேறு யார் இருக்கிறார்கள்? மௌஸின் உருளையை நான் விரல் நோக உருட்டிக்கொண்டே இருப்பேன். அவர் திரையில் தெரியும் ஜன்னல் வழியாக மேகம் பார்ப்பார்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. கிளம்புமுன், பெட்ரோலில் காற்றைக் கலக்கும் மிக்சர், இறக்கையின் பின்னால் இறங்கும் ஃபிளாப் என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஒரு பட்டியல் உண்டு. அதை ஒருவர் வாசிக்க வேண்டும், ஓட்டுகிறவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, "ஏட்டி, லிஸ்ட்ட எடு" என்று குரல் வரும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்காருவேன்.

"பெட்ரோல்?"

"செக்."

"மிக்சர்?"

"செக்."

"பிரேக்?"

"செக்."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஆறு மணிக்காக நான் காத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு கல்லுளிமங்கன். ஆபீஸ் விட்டு வந்தால் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். நான் நாலு கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். அது எந்தக் கேள்விக்கு என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயோ கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் வந்தது. வாகைக்குளம் ஏர்போர்ட்டில் கிளம்பி, ஆற்றைப் பிடித்துக்கொண்டு பாபநாசம் வரைக்கும் போவோம். எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் அந்த விளையாட்டைச் செய்தவன் மரமாக நட்டு வைத்திருந்தான். "நம்ம வீட்டையே காணலியே" என்று ஒருநாள் இவர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். இவ்வளவு மலிவாகவா ஒருத்தி கிடைப்பாள் என்று இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அவரிடம் சொன்னேன். "டாக்டர்ட்ட காட்டு" என்றார். காட்டினேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதையை எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க வரும்போது வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். கூட்டிக்கொண்டு வரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை என்று எனக்குத் தெரியாதா?

தனியாகப் போக எனக்குப் பயம். வாழ்க்கையில் எத்தனையோ இடத்துக்குத் தனியாகப் போயிருக்கிறேன், இதற்கு மட்டும் முடியாது என்று தோன்றியது. ஆனால் நேரே கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்"மை நம்பி எத்தனை கல்யாண வீட்டுக்குத் தனியாகப் போய் நின்றிருக்கிறேன். அதனால் முந்தின நாள் சாயங்காலம் பட்டியல் வாசிக்கும்போதே கேட்டுவிட்டேன். இங்கேதானே பதில் சொல்வார்.

"பிரேக்?"

"செக்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வாரியளா?"

"செக்."

"ஃபிளாப்?"

"செக்."

அன்றைக்குச் சக்கரத்தை நான் எப்படிச் சுற்றினேன் என்றே தெரியாது.

மறுநாள் காலையில் அவருடைய நீலச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டேன். ஒன்பதரைக்கு நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது, அவர் கைலியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. நேத்தே கேட்டேன்லா, வாரேன்னு சொன்னியளே."

"எப்பச் சொன்னேன்?"

"பிரேக்குக்கும் ஃபிளாப்புக்கும் நடுவுல."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பாடம் நடத்துகிற முகம்.

"லிஸ்ட்ல இல்லாததை நடுவுல வாசிக்கப்பிடாது, கேட்டியா? நெசப் பிளேன்னா ஆளு செத்துருவான். இன்னிக்குப் பத்து மணிக்கு ஆறு பேரு நெட்டுல சேந்து பறக்கோம், எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நீ பைய ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வா."

ஆட்டோ பிடிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் போனேன். வீம்புதான், வேறென்ன.

"கூட யாரும் வரலையாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"அவிய பிளேன் ஓட்டிக்கிட்டு இருக்காவ."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண், "சார் பைலட்டா மேடம்?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் தடவை போனபோது நான் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அவமானத்தை விட அந்தப் பொய் எவ்வளவோ மேலாக இருந்தது.

"சார் எப்ப இறங்குவாங்க?"

"தெரியல டாக்டர்."

அதற்குப் பிறகு டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். புற்றுதான். மார்பை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட வேண்டாம், வீட்டுக்காரரோடு நாளைக்கே வந்து சேருங்கள். சாரிடம் வேண்டுமானால் நானே போனில் பேசுகிறேன் என்றார். ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. ஆறு பேர் பறந்தது முடிந்து, இவர் மட்டும் தனியாக அம்பாசமுத்திரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

"வந்துட்டியா? நீ இல்லாம சக்கரத்தை நானே சுத்தி மணிக்கட்டே போச்சு."

"ஆப்பரேசன் பண்ணணுமாம். மாரை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

அவர் தோள் ஒரு கணம் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். காது கேட்கவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு. இறக்கிட்டு வாரேன்."

அந்த விளையாட்டை அப்படியே நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விமானம் ஆகாயத்தில் அந்தரத்தில் நிற்கும், எத்தனை மணி நேரம் ஆனாலும் விழாது. டீ கொண்டுபோனால் அழுத்துவார். கூரியர்காரன் மணி அடித்தால் அழுத்துவார். அது அவர் இடது கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விரல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். போகவில்லை. நானே எட்டி அழுத்தியிருக்கலாம். நான் ஏன் அழுத்த வேண்டும்?

அடுக்களைக்குப் போய், விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். அவளிடம்தான் அழ முடிந்தது. "அழாதக்கா, இந்தா கெளம்பிட்டேன்" என்றாள். உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாள்.

அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முன்னறையில் அவர் இறங்கி, மறுபடியும் கிளம்பியிருந்தார்.