பெயர் மட்டும் மாற்றப்பட்டது

பெண்களின் சொத்துரிமை பற்றி ஆரணியில் இன்று கருத்தரங்கு. அண்ணியோடு போயிருந்தேன்.

மேடையில் பேசியவர், போன வருடம் என்னைப் பேட்டி எடுத்த ஆய்வாளர். "உங்க பேர் வெளியே வராதுங்க" என்று அன்று உறுதி சொன்னவர்.

அதன்படி எனக்கு மல்லிகா என்று பெயர் வைத்திருந்தார்.

"மல்லிகாவோட அண்ணன் பட்டுக்கடை வச்சிருக்கார். பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டு, மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். மல்லிகா அதை இன்னும் கட்டவே இல்ல."

அண்ணி மெதுவாகத் திரும்பினார்.

"நான் பாத்து எடுத்த புடவையாச்சே. என்கிட்ட சொல்லாம ஊருக்குச் சொல்லிகினு கீறியா?"

எனக்காகக் காத்திராமல் ஆட்டோ ஏறிவிட்டார்.

ஆய்வாளரிடம் கேட்டேன். "பேரைத்தான் மாத்திட்டேனேங்க" என்றார்.

பட்டுக்கடை அண்ணனும் கட்டாத புடவையும் உள்ள வேறு மல்லிகாக்கள் ஆரணியில் இருந்தால், கீழே கமெண்டில் சொல்லுங்கள். அண்ணியிடம் காட்ட வேண்டும்.