காயாத வயலின் முழு உண்மை

சுமித்திராவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அதனால் வவுனியாவில் அவளிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகள் அவளைச் சாந்தமானவள் என்று நம்பினார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி ஃபசி லொஜிக்கில். உண்மைக்கும் பொய்க்கும் நடுவே கொஞ்சம் உண்மை, அரைவாசி உண்மை என்று அளவு வைக்கும் கணிதம் அது. ‘இப்படியென்றால் அப்படி’ என்ற கூற்று எவ்வளவு உண்மை என்று அளக்க அதில் உட்கிடைச் செயலிகள் உண்டு. அவற்றின் இயல்புகளில் அவளுக்குப் பிடித்தது ஒன்று: ‘இப்படி’ அறவே இல்லாவிட்டால், கூற்று முழு உண்மை. மழையே பெய்யாத நாளில், ‘மழை பெய்தால் குடை பிடிப்பேன்’ என்றவள் பொய் சொன்னவள் ஆகமாட்டாள்.

கோடை நெற்செய்கையான இந்தச் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. அப்படியான வருடங்களில் குளத்துக்குக் கிட்டிய மேல்வயல்களை மட்டும் விதைத்து, வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல் வைத்திருக்கும் கடைவாய்க்கால்காரருக்கும் அங்கேயே பங்கு நிலம் கொடுப்பது வழக்கம். நீர்ப்பாசனத் திட்டப் பொறியியலாளர் பரமலிங்கமோ, தண்ணீரைக் கணினி பிரிக்கும், பங்கு வேண்டாம் என்றார். கணினிக்குள் இருந்தது சுமித்திராவின் உட்கிடைச் செயலி. விதைப்புக்கு முன் நடந்த விவசாயிகளின் கூட்டத்தில் எழுந்து அவளும் ஆமோதித்தாள். அவளுடைய தாய் வீரம்மா மகளை நம்பிக் கடைவாய்க்காலில் சொந்த வயலையே விதைத்தார்.

கதிர் வெளிவருமுன் வரும் குடலைப் பருவத்தில் அந்த வயல் தண்ணீரின்றி வெடித்தது. சுமித்திரா திட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

“இஞ்ச பாருங்கோ மிஸ்,” என்றார் பரமலிங்கம். “‘வயல் காய்ஞ்சால் தண்ணி போகும்.’ இதுதானே விதி? தொண்ணூற்றிரண்டு வீதம் நிறைவேறியிருக்கு.”

திரை பச்சையாக இருந்தது. மேல்வயல்களும் அப்படித்தான்.

“மேல்வயல் காயவேயில்லை, சேர். காயாத வயலில விதி தன்பாட்டில முழு உண்மையாகும். அதுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வேற என்ன வரும்? காயிற வயலை மட்டும் எடுங்கோ.”

“அப்ப உங்கட தேற்றம் பிழையோ?”

“தேற்றம் சரி. நீங்கள் அதிட்டக் கேக்கிற கேள்விதான் பிழை.” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“மாத்திறதெண்டால் மேலிடத்தில கேக்கவேணும். ஒரு கிழமை பொறுங்கோ.”

பயிர் பொறுக்கவில்லை. வீரம்மா கருகிய வயலில் மாடுகளை இறக்கினார். “பரவாயில்லை பிள்ளை, உன்ர படிப்பு மாட்டுக்கெண்டாலும் உதவிச்சுது.”

அன்று மாலை பரமலிங்கம் தொலைபேசியில் வந்தார். “மிஸ், நூறு வீதம்! கருகின வயலெல்லாம் கணக்கில இருந்து எடுபட்டிட்டுது, காயிற வயல் இப்ப ஒண்டுமில்லை!”

செத்த பயிருக்குத் தாகமில்லை. அவளுக்குப் பிடித்த இயல்பு பிழையில்லாமல் வேலை செய்திருந்தது.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் சுமித்திரா எழுந்தாள். “மேல்வயல் விளைச்சலில கடைவாய்க்காலுக்குப் பங்கு வேணும். அது குடுக்காமல் ஒருத்தரும் அரிவு வெட்டுக்கு இறங்கேலாது!”

மேல்வயல்கார ஏரம்பர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “பங்கு போட்டிருந்தால் குடுக்கத்தான் வேணும், பிள்ளை. ஆர் போட்டது? பேச்சு மாறினவன் இஞ்ச ஒருத்தனும் இல்லை.”

பங்கே போடாததால், தருக்கப்படி அதுவும் முழு உண்மை. சுமித்திராவின் குரல் அன்று தாழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏரம்பரை நோக்கி நடந்தாள்.