நாளுக்கு இரண்டு விரற்கடை

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது, யாருக்கும் தேவைப்படவும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சங்கு, ஒவ்வொரு சங்குக்கும் ஒரு குரல். ஆறரைக்கு ஊதுவது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். ஏழு மணிச் சங்கு நீளமாக இழுக்கும். ஏழரைக்கு ஊதுவது பாதியில் நின்று மறுபடி தொடங்கும். எட்டு மணிக்கு நாலைந்து சேர்ந்துகொண்டு அலறும். அதற்கும் கால் மணி நேரம் கழித்துத்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டு முதுகை நிமிர்த்துவேன்.

மின்சார சுவிட்சு செய்யும் கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் போய் வரிசையில் நின்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஒரு தட்டில் கடுகு போலச் சின்னத் திருகாணிகளையும் பித்தளைத் துண்டுகளையும் கொட்டி, பொருத்திக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, விரல்களை மட்டும் பார்த்தார்.

"மூணு மாசத்துல புது கட்டடம் திறக்கிறோம். ஒண்ணாம் தேதி எட்டு மணிக்கு வந்துடு. எட்டு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. மொதல் நாளே வரலன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவோம்" என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அப்படி வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை, கல்யாணம் உட்பட. ஏழு வருஷமாக அந்த விரல்கள் சோறு வடித்துக்கொண்டும் சாணி தட்டிக்கொண்டும் இருந்தன. அவை கெட்டிக்கார விரல்கள் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஏழு மணி ஷிப்டு. ஆறரைச் சங்கு கத்தும்போது அவருடைய சைக்கிள் தெருமுனையில் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கின்னா, போயேன். நைனாவக் கேட்டுக்க" என்று கழன்றுகொண்டார்.

நைனா என்றால் என் மாமனார். நான் மாமா என்று கூப்பிடுவேன். எஸ்டேட்டாகிப் போன அதே நிலங்களில் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல். ஏழு மணிச் சங்குக்கு வீடு வந்து, குளித்துவிட்டு, சாப்பிட உட்காருவார். அதுதான் அவருக்கு முழுச் சாப்பாடு. குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சோறு. பக்கத்தில் இருந்து பரிமாற வேண்டும். தானே எடுத்துப் போட்டுக்கொண்டால் அது சாப்பாடே இல்லை என்பது அவர் கட்சி.

"வேலைக்கிப் போவ வாணான்னு நான் சொல்லல" என்றார். "நான் வந்தா சுடு சோறு இருக்கணும். ஊட்டு வேல ஒண்ணும் பாக்கி நிக்கக் கூடாது. உன் மாமியா இருந்த வரிக்கும் ஒரு நாளு நான் கை நீட்டி எதயும் எடுத்ததில்ல. அத்த மாத்தாம நீ எங்க வோணாலும் போ."

தாராளமான மனசுதான். எட்டே காலுக்கு முடிகிற வேலையை ஏழரைக்கு முடித்தால்தான் நான் கேட்டைப் பிடிக்க முடியும். முக்கால் மணி நேரத்தை நான் எங்கிருந்தாவது வெட்டி எடுக்க வேண்டும். அவர் சாப்பிடுவதற்கே அரை மணி ஆகும்.

முதல் இரண்டு நாள் நான் எதையும் மாற்றவில்லை. என்னை நானே வேவு பார்த்தேன். பார்த்தால், நான் சமைப்பதை விட நடப்பதுதான் அதிகம்! உப்பு ஜாடி ஜன்னல் மேல், புளி முன்கட்டில், கரண்டி பின்வாசலில். ஒரு ரசம் வைக்க ஒன்பது தடவை அடுப்பை விட்டு எழுந்திருக்கிறேன். ஏழு வருஷமாக இந்த முட்டாள்தனத்தைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் உப்பு ஜாடி இடம் மாறியது. நாலாம் நாள் கரண்டிக்கு ஓர் ஆணி. நாளுக்கு ஒரு மாற்றம்தான். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் இரண்டுமே மறந்துபோய், பழைய இடத்தில் போய்க் கையை விட்டுக்கொண்டு நின்றேன். பிறகு விறகடுப்புக்குப் பக்கத்தில் மரத்தூள் அடுப்பு வந்தது. மர வாடியில் தூள் மலையாகக் கிடக்கும். சாயங்காலமே நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை அழுத்தி அடைத்து, பாட்டிலை உருவிவிட்டால் போதும். காலையில் ஒரு குச்சி கிழித்துப் போட்டால் ஊதாமல் கொள்ளாமல் நின்று எரியும். குழம்பு கொதிக்கிற நேரத்தில் பாத்திரம் தேய்த்தேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதை மத்தியானத்துக்குத் தள்ளினேன்.

எல்லாம் பலித்துவிடவில்லை. மகளுக்கு முந்தின நாளே பின்னல் போட்டுத் தூங்க வைத்தேன். காலையில் காக்காய்க் கூடு. அவள் அழுத அழுகையில் மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாயிற்று. முதல் நாளே மசாலா அரைத்து வைத்துப் பார்த்தேன். மாமா முதல் கவளத்திலேயே நிமிர்ந்து, "இன்னா, பயசா?" என்றார். மறுநாளிலிருந்து மறுபடி விடியற்காலை அம்மி.

இரண்டு வாரத்தில் கால் மணி நேரம் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் பறிபோனது. நான் சீக்கிரம் முடிக்கிறேன் என்று தெரிந்ததும், "காலைல கஞ்சிக்குப் பதிலா ரெண்டு தோச ஊத்தேன்" என்றார் வீட்டுக்காரர். மாமா குளிக்க வெந்நீர் கேட்டார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம். மூன்றாவது வாரம் மறுபடி எட்டே காலுக்குத்தான் அடுப்பு அணைந்தது.

அப்போது ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே தன் கம்பெனிக் கதையைச் சொன்னார். கையில் ஸ்டாப் வாட்சோடு ஒருவன் வந்து லேத்துக்குப் பின்னால் நிற்கிறானாம், ஒரு உருப்படி செய்ய எத்தனை நிமிஷம் என்று எழுத.

"அவன் நின்னா நாங்க மெஷின ரெண்டு வாட்டி தொடைப்போம். டூல சாணை புடிக்கப் போவோம். மெதுவாத்தான் வருவோம். நாலு நிமிசத்துல முடியும்னு காட்டிட்டா, அப்புறம் தெனம் நாலு நிமிசத்துல வோணும்னு நிப்பான்" என்று சிரித்தார்.

எனக்குக் கை கொட்ட வேண்டும் போல இருந்தது. இவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? மறுநாளிலிருந்து நானும் ஒளித்தேன். வேலை முடிந்தாலும் முடிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, முந்தின நாளே பொறுக்கி முடித்த அரிசியில் மறுபடி கல் பொறுக்கினேன். "தோச எங்க?" என்று கேட்டால் முறத்தைக் காட்டினேன். தோசை நின்றது. வெந்நீரும் நின்றது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று மடியில் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த நிமிஷங்களில் கண்ணை மூடி, கைகளால் காற்றில் திருகாணி பொருத்திப் பழகினேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"இன்னாமே, அதுலதான் ஒரு கல்லும் இல்லியே?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க மெஷின ரெண்டு வாட்டி தொடைக்கறீங்க இல்ல, அதுதான் இது" என்றேன்.

அவர் சிரித்தார் பாருங்கள், புரையேறி, தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. "நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு தன் வேட்டி சட்டையைத் தானே துவைத்துக்கொண்டார். அவரிடம் நான் கேட்காமலே கிடைத்த உதவி அது ஒன்றுதான், அதற்காகவே அவரைப் பல விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது மாமாவின் அரை மணி நேரம். அதில் ஒரு நிமிஷத்தைக் கூட அசைக்க முடியவில்லை. இரவெல்லாம் தனியாக விழித்திருந்த மனுஷர். சாப்பிடும்போதுதான் பேசுவார். எந்த லாரி வந்தது, எந்த நாய் குரைத்தது, எந்த டிரைவர் பீடி கேட்டான் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கதை. அவரை அவசரப்படுத்த எனக்கு மனமும் வரவில்லை. அவர் அரை மணி என்ன, ஒரு மணி நேரம் கூடச் சாப்பிடட்டும். நான் பக்கத்தில் இல்லாமல் சாப்பிட்டால் போதும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். அம்மியே நகரும்போது ரசச் சட்டி நகராதா? சட்டி அடுப்போரம் இருந்தது. அவர் தட்டு அங்கிருந்து மூன்று முழம். நாளுக்கு இரண்டு விரற்கடை அதை அவர் பக்கமாக நகர்த்தினேன். அதற்கு மேல் நகர்த்தினால் தெரிந்துவிடும், காவல்காரர் கண் அல்லவா. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சோற்றுப் பானையையும் குழம்பையும் மோரையும் அதற்குப் பின்னாலேயே ஒவ்வொன்றாக அனுப்பினேன்.

ஒரு நாள் அவர் ரசம் கேட்கும் நேரத்தில் நான் வேண்டுமென்றே கையில் சாம்பலோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் லாரிக்காரன் கதையின் நடுவில் இருந்தார். கதையை நிறுத்தாமல் இடது கையை நீட்டி, கரண்டியை எடுத்து, தானே ஊற்றிக்கொண்டு, பிசைந்து, கதையைத் தொடர்ந்தார். மறுநாளும் ஊற்றிக்கொண்டார். அதற்கடுத்த நாள் மோர். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, வாசல்படி வரை போய் நின்று, அங்கிருந்து "ம்" கொட்டப் பழகினேன்.

ஒன்றாம் தேதி வந்தது. மூன்று மணிக்கே எழுந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது, ஏழு மணிச் சங்குக்கு முன்னாலேயே முடிந்தது. மகளுக்குத் தலை வாரிப் பக்கத்து வீட்டில் விட்டேன். அங்கிருக்கும் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய்விடுவாள். சலவைப் புடவை கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வைத்தேன். மாமா வந்தார், குளித்தார், உட்கார்ந்தார். குழம்புச் சோறு முடிந்தது. ஏதோ ஒரு நாய்க்கதை ஓடிக்கொண்டிருந்தது. இடது கை நீண்டது.

அங்கே சட்டி இல்லை.

பதற்றத்தில் நான்தான், மூன்று மாசம் பாடுபட்ட அதே நான்தான், ஏழு வருஷப் பழக்கத்தில் ரசச் சட்டியை இறக்கி அடுப்போரம் வைத்திருந்தேன். மாமாவின் கை வெறும் தரையில் தடவிக்கொண்டிருந்தது. கதை நின்றது. அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கதான சட்டி இருந்திச்சி?"

"ஆமா மாமா."

"இங்க எப்ப வந்திச்சி?"

தொலைந்தது என்று நினைத்தேன். "நான்தான் மாமா நவுத்தினேன். தெனம் ரெண்டு வெரக்கட."

ஏழரைச் சங்கு ஊதி, பாதியில் நின்று, மறுபடி ஊதியது. சட்டியை எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன். "நில்லு" என்றார். எச்சில் கையோடு எழுந்தார். சாப்பாட்டு நடுவில் எழுந்திருக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது, அவருக்கு அறவே கிடையாது. அடுப்பு வரை நடந்துபோய், இடது கையால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, உட்கார்ந்தார். கரண்டியால் சட்டியைக் கலக்கினார். ஊற்றவில்லை.

"உன் மாமியா இருந்தப்ப இந்தச் சட்டி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "முப்பது வருசம் துன்னுகீறேன். நான் பாத்ததே இல்ல."

பிறகு நிமிர்ந்து, வழக்கமான குரலில் அதட்டினார்.

"இன்னா பாத்துகினு நிக்கற? சங்கு ஊதிச்சி காதுல வுயல? ஓடு!"

ஓடினேன். கேட்டைப் பிடித்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், தன் வீட்டில் அழுது, பட்டினி கிடந்து, அண்ணனை விட்டுப் பேச வைத்துத்தான் வேலைக்கு வந்ததாகச் சொன்னாள். "உங்க ஊட்ல எப்டிக்கா வுட்டாங்கோ?" என்று கேட்டாள்.

"எங்க மாமா எயுந்து போயி ரசச் சட்டிய எத்துகினு வந்தாரு" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றேன். தூக்கைத் திறந்தேன், உள்ளே அதே ரசம்.