சம்ப்புக்குள் எரிந்த டார்ச்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு. என் புது ஸ்மார்ட்போன் தண்ணீரில் விழுந்தாலும் கெடாது. ஆனால் என் கணவரோ, "செங்கல் கனம், வழுக்குது, கேமராவும் மங்கல். இதையா வாங்கினே?" என்பார்.

ஒருநாள் தண்ணீர் லாரி வந்தது. தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று பார்க்க, டார்ச்சைப் போட்டுக் குனிந்தேன். போன் வழுக்கி உள்ளே விழுந்தது. அதை எடுக்க என் கணவர் உள்படியில் இறங்கக் காலை விட்டார்.

எதிரே குழாயுடன் நின்ற லாரி டிரைவர் அலறினார்: "சார், கால எடு! படில பாம்பு கீது!"

தண்ணீருக்கடியில் டார்ச் அணையவே இல்லை. தொட்டி முழுக்க நிலா இறங்கியதுபோல் வெளிச்சம். அதில் பாம்பின் செதில்கூடத் தெரிந்தது. இவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் போனைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த பிறகே சம்ப்பை நெருங்குகிறோம். கட்டுவது இவர்தான். "கனமா இருந்தாத்தான் நேரா இறங்கும்" என்கிறார்.